ரெண்டு சிப்பாய்த் தொடக்கம்

நத்தவெளி நெல் கொள்முதல் நிலையத்தில் செஸ் ஆடுகிறவர்களுக்கு அவசரமே கிடையாது. நெல்லைக் கொண்டுவந்து கொட்டிவிட்டு, ஈரப்பதம் இறங்குகிறவரை களத்திலேயே காத்துக் கிடக்கிற சனம் அது. வெயில் ஏறினால் தார்ப்பாயை விலக்கிக் கிளறிவிட வேண்டும், பொழுது சாய்ந்தால் பனிக்கு மூட வேண்டும். நடுவில் வேலை இல்லை. வீட்டுக்குப் போய்வரலாமென்றால் முறை போய்விடும். மீரா உசேன் டீக்கடையில் ஒரு செஸ் அட்டை கிடக்கிறது. கறுப்பில் ஒரு யானை தொலைந்துபோய், அந்தக் கட்டத்தில் தண்ணீர் பாட்டில் மூடி ஒன்று நிற்கும்.

அங்கே ஆட்டத்துக்கென்று ஒரு வழக்கம் இருக்கிறது. ஆட்டம் தொடங்கும்போது ஒரு சிப்பாயை நகர்த்துவதில்லை. இரண்டு சிப்பாய்களை ஒவ்வொரு கட்டம், இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் முன்னால் தள்ளுவார்கள். எதிரில் உட்கார்ந்திருப்பவரும் அப்படியே இரண்டைத் தள்ளுவார். அதன் பிறகுதான் ஒவ்வொன்றாக. யார் தொடங்கிவைத்தது என்று ஒருவருக்கும் தெரியாது. தப்பு என்றும் தெரியாது.

வைரக்கண்ணு அந்த நிலையத்தில் மூட்டை தூக்குகிறவன். நாற்பது கிலோ சாக்கைத் தோளில் வாங்கி லாரியில் ஏற்றிவிட்டு, அடுத்த லாரி வருவதற்குள் ஒரு ஆட்டத்தை முடித்துவிடுவான். வலங்கைமான் பக்கத்திலிருந்து நெல் கொண்டுவருகிற மிராசுதார் வீட்டுப் பிள்ளைகளைக்கூட உட்கார வைத்துத் தோற்கடித்திருக்கிறான். அவர்களுடைய தாத்தாக்களின் வயலில் இவனுடைய அப்பன் கைகட்டி நின்றவர். அதனால் அந்த வெற்றிகளில் அவனுக்கு இருந்த ருசியை நான் குறை சொல்ல மாட்டேன். ருசி தலைக்கு ஏறியதுதான் தப்பு. கூலி பாக்கியைப் பற்றிப் பேச வந்த சங்கத்து ஆளிடம், தம்பியோடு இருந்த தகராறில் பஞ்சாயத்துப் பேச வந்த சித்தப்பாவிடம், எல்லாரிடமும் ஒரே பதில்தான். “என்னய ஒரு ஆட்டம் ஜெயிச்சுட்டு வந்து பேசு.”

அவன் மனைவி காத்தாயிக்கும் அதே களத்தில்தான் வேலை. தூற்றுகிற இயந்திரத்தின் அடியில் சேரும் பதரைக் கூட்டித் தள்ளுவாள். சாக்கின் வாயைப் பிடித்துக் கொடுப்பாள். சிந்திய நெல்லைப் பெருக்கிக் குவிப்பாள். டீக்கடை வாசலில் சிந்துகிற நெல் அதிகம் என்பதால் ஐந்து வருடமாக விளக்குமாற்றோடு அந்த அட்டையைச் சுற்றித்தான் பெருக்கினாள். அவள் ஆட்டத்தைப் பார்ப்பதை யாரும் பார்க்கவில்லை. பெருக்குகிற பொம்பளை எதைப் பார்க்கிறாள் என்று கவனிக்க யாருக்கு நேரம்?

பொங்கலுக்கு அக்காவுக்குச் சீர் கொண்டுபோனான் வைரக்கண்ணு. பச்சரிசி, கரும்பு, மஞ்சள்கொத்து, புதுப்பானை எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு பூதலூருக்குப் போனவன், திரும்பும்போது வாக்குக் கொடுத்துவிட்டு வந்தான். பங்குனியில் பரிசம், வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளை அக்கா மகன் இளவழகன். பெண் இவனுடைய மகள் சுடர்விழி.

சுடர்விழி மன்னார்குடியில் கணக்கு மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். மேற்படிப்புக்குச் சென்னை போக மார்ச்சில் நுழைவுத் தேர்வு. விண்ணப்பம் போட்டாயிற்று. வீட்டில் எல்லாருக்கும் தெரியும். வைரக்கண்ணுவுக்கும் தெரியும். தெரிந்தேதான் வாக்குக் கொடுத்தான்.

மறுநாள் களத்தில் பெருக்குவதை நிறுத்திவிட்டு, விளக்குமாற்றைக் கையில் பிடித்தபடியே காத்தாயி அவன் எதிரில் போய் நின்றாள். அட்டையைச் சுற்றி எட்டுப் பேர் இருந்தார்கள்.

“அவள ஒரு வார்த்த கேட்டியா?”

“எவள?”

“பெத்து வச்சிருக்கமே ஒண்ணு, அவள.”

“அக்காகிட்ட சொல்லியாச்சு. வீட்டுல போயிப் பேசு.”

“வீட்டுல பேசுனா குப்புறப் படுத்துக்குற. இங்கயே சொல்லு. அவ பரீச்ச எழுதணும்.”

வைரக்கண்ணு குதிரையைத் தூக்கிவைத்தான். நிமிர்ந்து பார்க்கவில்லை. “என்னய ஒரு ஆட்டம் ஜெயிச்சுட்டு வந்து பேசு.”

எட்டுப் பேரும் சிரித்தார்கள். ஒருவன், “விளக்குமாத்த வச்சிட்டு உக்காருங்க அண்ணி, உங்களுக்கு ஒரு யானய உட்டுத் தரச் சொல்றேன்” என்றான். மீரா உசேன் மட்டும் சிரிக்காமல் பாய்லருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். காத்தாயி திரும்பிப் போய் மிச்சத்தைப் பெருக்கினாள்.

அன்றிலிருந்து வைரக்கண்ணு வீட்டில் பேச்சை நிறுத்தினான். ஆண் பேசுவதை நிறுத்தினால் வாய் மட்டும்தான் நிற்கும். தட்டு அவன் முன்னால் வந்துவிட வேண்டும், வெந்நீர் விளாவி இருக்க வேண்டும், மூட்டை அறுத்த தோளுக்கு எண்ணெய் சூடாக இருக்க வேண்டும். காத்தாயி எல்லாவற்றையும் செய்தாள். அவளும் பேசவில்லை.

ஆனால் அவன் சொன்னதை அவள் அப்படியே எடுத்துக்கொண்டாள். அந்த வாரம் விடுதியிலிருந்து வந்த மகளிடம் கேட்டாள்.

“உன் போன்ல செஸ் இருக்கா?”

“இருக்கு. எதுக்கு?”

“சொல்லிக் குடு. எப்புடி எப்புடிப் போவும்னு எனக்குத் தெரியும். மிச்சத்தச் சொல்லிக் குடு.”

கருவாட்டுக் குழம்பு கொதிக்கிற அடுப்படியில் பாடம் நடந்தது. சுடர்விழிக்கு முதல் நாளே ஆச்சரியம். அம்மாவுக்கு எதையும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை, சிலவற்றைத் திருத்த வேண்டியிருந்தது.

“அம்மா, மொதல்ல ஒரு சிப்பாய்தான் வைக்கணும்.”

“உங்கப்பா ரெண்டுல்ல வைக்கும்.”

“அப்பா வைக்கிறது தப்பு. உலகம் பூரா ஒண்ணுதான்.”

“அப்ப அத்தன ஆம்பளயும் தப்பாவா ஆடுறானுவ?”

“ஆமா.”

“அவனுவகிட்ட யாரும் சொல்லலையா?”

“யாரு சொல்லுவா? நீ போயிச் சொல்லேன்.”

காத்தாயி குழம்பை இறக்கினாள். “நான் சொன்னாக் கேட்டுட்டுத்தான் மறுவேல பாப்பானுவ.”

நாற்பது நாள் ஆடினாள். சனி ஞாயிறு மகளோடு, மற்ற நாட்களில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நெல் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்து, தன்னுடைய போனில் மகள் ஏற்றித்தந்த ஆட்டத்தோடு. எவர்சில்வர் தூக்கில் பழைய சோறு, ஒரு கையில் பச்சைமிளகாய், மறு கையின் விரல் திரையில். விரலில் உமித்தூசி ஒட்டியிருந்தால் திரை கேட்காது. புடவையில் துடைத்துக்கொண்டு மறுபடி வைப்பாள்.

மாசியில் நீடாமங்கலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி அறிவித்தார்கள். வயது வித்தியாசம் இல்லை, யாரும் ஆடலாம். மீரா உசேன் வைரக்கண்ணுவின் பெயரைக் கொடுத்தார். சுடர்விழி போன் வழியாக அம்மாவின் பெயரைக் கொடுத்தாள். ஆறு சுற்றில் எங்காவது ஒன்றில் இரண்டு பேரும் எதிரெதிரே விழ மாட்டார்களா என்பது அவள் கணக்கு. விழாவிட்டாலும், அப்பாவைவிட அம்மா அரைப்புள்ளி கூட எடுத்துவிட்டால் போதும்.

அவ்வளவு தூரம் போகத் தேவையே வரவில்லை. தரவரிசை இல்லாதவர்களை எழுத்து வரிசையில் அடுக்கி, மேல் பாதியைக் கீழ் பாதியோடு மோதவிடுவதுதான் முதல் சுற்று வழக்கம். ஆங்கில எழுத்தில் காத்தாயி மேலே, வைரக்கண்ணு கீழே. சுவரில் ஒட்டிய தாளில் முப்பத்தோராவது பலகைக்கு நேரே இரண்டு பெயரும் இருந்தன. வெள்ளைக் காய் வைரக்கண்ணுவுக்கு.

நடுவர் ஹபீபுன்னிசா கூத்தாநல்லூர்க்காரர், பள்ளிக்கூடத்து டீச்சர். மைக்கில் விதிகளைச் சொன்னார். ஆளுக்கு இருபத்தைந்து நிமிடம். காயை வைத்ததும் தன் பக்கத்துக் கடிகாரப் பொத்தானை அமுக்க வேண்டும், அமுக்காவிட்டால் தன் நேரமேதான் ஓடும். விதி மீறி நகர்த்தினால் முதல் தடவை எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூடும், இரண்டாம் தடவை ஆட்டமே போகும். எதிராளி கேட்காமல் மறுகாய் வைத்துவிட்டால் அது அப்படியே நிற்கும்.

வைரக்கண்ணு அப்போது வெளியே வடை தின்றுகொண்டிருந்தான். “உள்ள ரூல் சொல்றாங்க, போங்கண்ணே” என்று யாரோ சொன்னதற்கு, “எனக்கே ரூலா” என்றான்.

கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தவன், கறுப்புக் காய்களுக்குப் பின்னால் காத்தாயி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். கல்யாணத்துக்குக் கட்டுகிற பச்சைப் புடவை கட்டியிருந்தாள். அவளிடம் பேசக் கூடாது என்பதால் மீரா உசேனிடம் கேட்டான்.

“பாய், இது எதுக்கு இங்க வந்து உக்காந்துருக்கு?”

“ஆடத்தான்.”

“யாரோட?”

“தாள்ல உங்க பேருதான் போட்டுருக்கு, மாப்ள. உக்காருங்க.”

மற்றவர்களை எழுந்து நகரச் சொல்லி மணி அடித்தது. வைரக்கண்ணு உட்கார்ந்தான். மண்டபம் அமைதியானது. அவன் இரண்டு கைகளையும் நீட்டி, ராஜா முன்னால் இருந்த சிப்பாயையும் ராணி முன்னால் இருந்த சிப்பாயையும் ஒவ்வொரு கட்டம் தள்ளினான். பக்கத்துப் பலகைக்காரன் பொத்தானை அமுக்கியதைப் பார்த்து அவனும் அமுக்கினான்.

காத்தாயி பார்த்தாள். கையைத் தூக்கினால் போதும். ஹபீபுன்னிசா நான்கு பலகை தள்ளித்தான் நின்றார். வருவார், அத்தனை பேர் முன்னால் அவனுக்குப் பாடம் நடத்துவார், அவளுக்கு இரண்டு நிமிடம் கிடைக்கும். அடுத்த தடவை ஒரு சின்னத் தப்பு செய்தால் அவன் தோற்றுவிடுவான். மூட்டையைத் தூக்குகிறவனுக்கு இந்த மண்டபத்து விதிகளில் இன்னொரு தப்பு வராமலா போகும்? எல்லாம் சரிதான். நாளைக்குக் களத்தில் என்ன பேசுவான் என்றும் அவளுக்குத் தெரியும். “ரூல் பேசி ஜெயிச்சா, ஆடியா ஜெயிச்சா?”

காத்தாயி தானும் இரண்டு கைகளை நீட்டினாள். தன் ராஜா முன்னால் இருந்ததையும் ராணி முன்னால் இருந்ததையும் ஒவ்வொரு கட்டம் தள்ளிவிட்டுப் பொத்தானை அமுக்கினாள்.

வைரக்கண்ணுவுக்கு அதில் அதிசயம் ஒன்றும் தெரியவில்லை. வேறு எப்படித் தொடங்குவார்கள்? அடுத்த காயையும் வைத்துவிட்டான். பக்கத்துப் பலகைப் பையனின் அப்பாவுக்குத்தான் தாங்கவில்லை. நடுவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

“மேடம், ரெண்டு பேரும் ரெண்டு ரெண்டு காய் வச்சிருக்காங்க. இது என்ன ஆட்டம்?”

ஹபீபுன்னிசா பலகையைப் பார்த்தார். காத்தாயியைப் பார்த்தார். “நீங்க பாத்தீங்களாம்மா?”

“பாத்தேங்க.”

“கேக்கலையா?”

“கேக்கலைங்க.”

“தெரியாம விட்டீங்களா, தெரிஞ்சா?”

“தெரிஞ்சுதாங்க.”

“ரெண்டு பேரும் வச்சாச்சு. இனிமே அது அப்படியே நிக்கும், ஆடுங்க.” பையனின் அப்பாவிடம், “நீங்க கயித்துக்கு அந்தப் பக்கம் போங்க சார்” என்றார்.

வைரக்கண்ணுவுக்குப் பாதிதான் புரிந்தது. தான் ஏதோ தப்பு செய்தது, அவள் அதைச் சொல்லாமல் விட்டது, இந்த இரண்டும் புரிந்தன. காது மடல் சூடாயிற்று. அவன் வேகமாக ஆடத் தொடங்கினான்.

அவன் ஆட்டம் எப்போதும் ஒரே மாதிரிதான். ஆறேழு நகர்த்தலில் ராணியை வெளியே கொண்டுவந்துவிடுவான், மந்திரியை அதற்குத் துணைக்கு நிறுத்துவான். எதிராளி பயந்து ராஜாவைச் சுற்றிக் காய்களைக் குவிப்பான். குவித்த இடத்தில் ஒவ்வொன்றாக வெட்டிச் சாய்ப்பான். காத்தாயி இதை இருநூறு தடவை பெருக்கிக்கொண்டே பார்த்தவள். அவள் குவிக்கவில்லை. யானையும் ராஜாவும் இடம் மாறிக்கொள்கிற கோட்டை நகர்த்தலைச் செய்தாள். மகள் சொல்லித்தந்தது. வைரக்கண்ணு புருவத்தைச் சுருக்கினான், கேட்கவில்லை. கேட்டால் தெரியாது என்றாகிவிடும்.

பன்னிரண்டாவது நகர்த்தலில் அவன் குதிரையை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான். காத்தாயி யோசித்தாள். நெடுநேரம் யோசித்து நிமிர்ந்தபோதுதான் கவனித்தாள், ஓடிக்கொண்டிருந்தது அவளுடைய நேரம் அல்ல. அவன் பொத்தானை அமுக்கவே இல்லை. அவன் பக்கத்தில் ஆறு நிமிடம் போயிருந்தது. களத்தில் கடிகாரம் ஏது? லாரி வந்தால்தான் ஆட்டத்துக்கு முடிவு.

விட்டுவிட்டால் தானாகக் கரைந்து தோற்பான். கடிகாரம் ஜெயித்தது என்பான்.

“அமுக்கு” என்றாள் காத்தாயி.

நாற்பது நாளில் அவள் அவனிடம் பேசிய முதல் வார்த்தை அது. வைரக்கண்ணு அவளையே பார்த்தான். எதை என்று புரியாமல் முதலில் தன் குதிரையைப் பார்த்தான்.

“அத இல்ல. கடியாரத்த.”

அமுக்கினான். தன் பக்கத்து எண்களைப் பார்த்துத் தொண்டையைச் செருமினான்.

அதற்குப் பிறகு காத்தாயி தன் குதிரையை ஓரத்தில் கொண்டுபோய்த் தனியாக நிறுத்தினாள். காவல் இல்லாத குதிரை. வைரக்கண்ணு கிடைத்ததை விடுகிறவன் இல்லை. ராணியால் அதை வெட்டி, வெட்டிய குதிரையை முழங்காலில் ஒரு தட்டுத் தட்டி ஓரமாக வைத்தான். களத்தில் அந்தத் தட்டுக்கு எட்டுப் பேர் “ஆகா” என்பார்கள். இங்கே யாரும் சொல்லவில்லை. காத்தாயி ஒரு சிப்பாயைத் தள்ளினாள், அடுத்து ஒரு மந்திரி. அவனுடைய ராணி மூலையில் இருந்தது, வெளியே வர வழி இல்லை. இரண்டு நகர்த்தலில் ராணி போயிற்று. பதிலுக்கு அவனுக்கு ஒரு யானைதான் கிடைத்தது.

வைரக்கண்ணு முன்னால் குனிந்து உட்கார்ந்தான். அதன் பிறகு அவன் ஆடியதுதான் ஆட்டம். பிடிவாதமாக ஆடினான். விட்ட இடத்தையெல்லாம் திருப்பிப் பிடிக்கப் பார்த்தான். இரண்டு தடவை காத்தாயிக்கு வியர்த்துவிட்டது. இந்த மனிதனுக்கு யாராவது பதினைந்து வயதில் ஒரு புத்தகம் வாங்கித் தந்திருந்தால் என்ன ஆகியிருப்பான் என்று கயிற்றுக்கு அப்பால் நின்ற சுடர்விழி நினைத்துப் பார்த்தாள். ஆனால் பதினைந்து வயதில் அவன் சாக்குக்குத் தோள் கொடுத்துவிட்டான். தனக்குக் கிடைக்காததை மகளுக்கும் கிடைக்காமல் செய்ய அவனே போய் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தான் என்பதையும் அவள் மறக்கவில்லை.

கடைசியில் காத்தாயியின் யானை அவன் ராஜாவின் வரிசைக்கு இறங்கி செக் வைத்தது. ராஜா நகர ஒரே ஒரு கட்டம் இருந்தது. அங்கே போனால் கறுப்பு ராணி பக்கத்தில் வந்து முடித்துவிடும். அவன் பார்த்துவிட்டான். பார்த்துவிட்டான் என்பதை அவளும் பார்த்தாள்.

அவனுடைய நேரம் ஒரு நிமிடம் பத்து விநாடி.

வைரக்கண்ணு ராஜாவை நோக்கி நீட்டிய கையைத் திரும்ப மடியில் வைத்துக்கொண்டான். நாற்காலியில் சாய்ந்தான். ஐம்பது விநாடி. மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்த்தான். நாற்பது.

காத்தாயிக்குப் புரிந்துவிட்டது. கடிகாரம் ஓடி முடியட்டும் என்று உட்கார்ந்திருக்கிறான். நேரம் போய்த் தோற்றால் அது தோல்வி இல்லை. ஆட்டத்தில் தோற்கவில்லை, அந்தப் பெட்டிதான் கவிழ்த்துவிட்டது என்று எட்டுப் பேரிடம் சொல்லிக்கொள்ளலாம். அவர்கள் நம்புவார்கள். அவள் அவனுடைய நேரத்தைப் பார்த்தாள். முப்பத்தொன்று.

பலகைக்கு மேலே குனிந்து, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். “எங்கிட்டத் தோக்க வெக்கமா இருக்கு. கடியாரத்துகிட்டத் தோக்க வெக்கமா இல்லையாய்யா?”

“பேசக் கூடாதும்மா” என்றது ஹபீபுன்னிசாவின் குரல்.

இருபது. வைரக்கண்ணுவின் தாடை அசைந்தது. பதினைந்து. அவன் அவள் முகத்தைப் பார்த்தான். அதில் சிரிப்பு இருக்கும் என்று நினைத்திருப்பான். இல்லை. பத்து. அவன் ராஜாவை எடுத்து அந்த ஒரே கட்டத்தில் வைத்து, மறக்காமல் பொத்தானை அமுக்கினான். கடிகாரம் ஏழு விநாடியில் நின்றது.

காத்தாயி ராணியைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தினாள்.

ஹபீபுன்னிசா வந்து பார்த்துவிட்டு முடிவுச் சீட்டை நீட்டினார். வைரக்கண்ணு பேனாவை வாங்கி, காத்தாயி பெயருக்கு நேரே ஒன்று போட்டான், தன் பெயருக்கு நேரே சுழி போட்டான். கையெழுத்துப் போடும்போது தாளில் பேனா ஒரு இடத்தில் குத்திக் கிழித்தது.

வெளியே மண்டப வாசலில் மீரா உசேன் டீ வாங்கி வைத்திருந்தார். களத்து ஆட்கள் மூன்று பேர் வந்திருந்தார்கள். ஒருவன் கேட்டான். “என்னண்ணே, சீக்கிரம் முடிச்சிட்டீங்களா? பாவம், அண்ணிய ரொம்ப அடிக்காம உட்டீங்களா?”

வைரக்கண்ணு டீயை வாங்கினான். ஆறுகிறவரை ஊதினான். “அதுதான் ஜெயிச்சுது” என்றான்.

“வெளாடாதீங்க.”

“வெளாட்டுலதான் ஜெயிச்சுது. ராணியப் புடிச்சிருச்சு. ஒழுங்கா ஆடி ஜெயிச்சுது.”

மீரா உசேன் காத்தாயிக்கு ஒரு டம்ளரைக் கொடுத்தார். அவள் வேப்பமரத்தடிக்குப் போய் நின்று குடித்தாள். வைரக்கண்ணு அவளிடம் வந்தான். இரண்டு முழத் தூரத்தில் நின்றான்.

“சொல்லு. என்ன பேசணும்?”

“அவ பரீச்ச எழுதணும். சீட்டு கெடச்சா மெட்ராஸ் போவணும். பங்குனியில பரிசம் கெடையாது. அதுக்கப்புறம் யாரு வேணும்னு அவ சொல்லட்டும்.”

“அக்காகிட்ட வாக்குக் குடுத்துட்டனே.”

“நீ குடுத்த. நீதான் திருப்பி வாங்கணும்.”

அவன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். எண்ணைத் தேடி அமுக்குவதற்குள் இரண்டு தடவை காதருகே கொண்டுபோய்த் திரும்ப இறக்கினான். பூதலூரில் அக்கா பூவம்மாள் எடுத்தாள். அவளுடைய குரலுக்கு ஸ்பீக்கர் தேவையில்லை.

“என்னடா காலையிலயே? பரிசத்துக்குப் புடவ எடுக்கத் தஞ்சாவூரு எப்பப் போவலாம்? இளவழகன் லீவு சொல்லணும்ங்குறான்.”

“அதுக்குத்தாங்க்கா. பங்குனி வேணாம்.”

“பின்ன?”

“புள்ள படிக்கட்டும். மெட்ராசுல மேல படிக்கப் போவுது.”

பூவம்மாளின் குரல் ஏறியது. “யாரு சொல்லிக் குடுத்தா? பொம்பள பேச்சக் கேட்டுட்டு ஆடுறியாடா? அப்பா செத்தன்னிக்கு எங்கையப் புடிச்சுக்கிட்டு என்ன சொன்ன?”

“யாரும் சொல்லிக் குடுக்கலக்கா. அது ஒண்ணும் சொல்லல. நாந்தான் யோசன பண்ணுனேன். புள்ள நல்லாப் படிக்குது, கெடுக்க வேணாம்னு நானே முடிவு பண்ணிட்டேன்.”

காத்தாயி டம்ளரைக் கீழே வைத்தாள். சண்டையில்லாமல் முடிகிறதே, விட்டுவிடலாம் என்று ஒரு கணம் தோன்றாமல் இல்லை. மகள் எப்படியும் படிக்கப் போகிறாள். அக்கா தம்பி உறவும் கெடாது. எல்லா வீட்டிலும் இப்படித்தான் நடக்கிறது. பொம்பளைகள் தொண்டை வற்றக் கத்தி வாங்கியதை ஆம்பளைகள் தங்கள் பெரிய மனசு என்று ஊருக்குச் சொல்கிறார்கள். இன்றைக்கு அவன் முடிவு என்று ஆகிவிட்டால், நாளைக்கு அவனே மாற்றிக்கொள்ளலாம்.

அவள் கையை நீட்டினாள்.

வைரக்கண்ணு பார்த்தான். “அக்கா கோவத்துல இருக்கு. நானே பேசிக்கிறேன்.”

காத்தாயி கையை மடக்கவில்லை. உள்ளே இரண்டாம் சுற்றுக்குப் பெயர் வாசிக்கத் தொடங்கியிருந்தார்கள். சுடர்விழி வாசற்படியில் வந்து நின்றாள். அவன் போனைக் கொடுத்தான்.

“அண்ணி, நான் காத்தாயி பேசுறேன்.”

“நீதானா? நெனச்சேன்.”

“நாந்தான். அவரு யோசன பண்ணல, நான் சொன்னேன். படிக்கணும்னு சொல்றது சுடர்விழி. இளவழகன் நல்ல புள்ள, அவன்மேல ஒரு குத்தமும் கெடையாது. எங்க புள்ளய யாரும் ஒரு வார்த்த கேக்கல. அதான் குத்தம். திட்டுறதா இருந்தா என்னத் திட்டுங்க, நிக்கிறேன்.”

பூவம்மாள் திட்டினாள். காத்தாயி போனைக் காதிலிருந்து விலக்காமல் முழுவதையும் கேட்டாள். மூச்சு வாங்க அந்தப் பக்கம் நின்றபோது ஒரு கேள்வி வந்தது.

“அவன எங்க? அவன் வாயில என்ன வச்சிருக்கான்?”

காத்தாயி திரும்பிப் பார்த்தாள்.

“இங்கதான் நிக்கிறாரு அண்ணி” என்றாள். “நான் பேசுறதக் கேட்டுக்கிட்டு நிக்கிறாரு.”